கடைக் கணினியில் கிடக்கும் நம் அடையாள அட்டைகள்: பகிர்வுக் கோப்புறைகளிலிருந்து கணினியைத் துண்டிப்பது எப்படி?

அப்புத்தளை பஜாரில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எந்தக் கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் இறங்கியவர்கள் கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்பார்கள். உறைக்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஓய்வு பெற்றவர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக் கடிதம். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க ஒரு பிரதி, பாடசாலைக்கு ஒன்று, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவருக்கு வட்ஸ்அப்பில் ஒன்று. கடைக்காரர் ஸ்கேன் செய்கிறார், அச்சிடுகிறார், காசு வாங்குகிறார். தாள் உறைக்குள் திரும்பிவிடுகிறது. ஸ்கேன் செய்த படம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கடந்த மழைக்காலத்தில் மலையகத்தின் ஒரு நகரத்தில் அப்படியொரு கடையில் ஒரு கட்டுரையை அச்சிட உட்கார்ந்தேன். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். என் பென் டிரைவைத் தேடி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தபோது, 'இசட்' என்ற எழுத்தோடு ஒரு டிரைவ் தெரிந்தது. என்னுடையதுதான் என்று திறந்தேன். உள்ளே திகதி வாரியாக ஸ்கேன் கோப்புகள். முகம் தெரியும் அடையாள அட்டைகள், கையெழுத்திட்ட விண்ணப்பங்கள், யாரோ ஒரு பிள்ளையின் வைத்திய அறிக்கை. கடையில் இருந்த தம்பியிடம் சொன்னேன். "அது இந்த மெஷின்ல இல்ல அக்கா, உள்ளுக்க இருக்கிற மெஷின்ல இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தக் கோப்புகள் என் முன்னால் இருந்த கணினியில் இல்லை. ஆனாலும் அதன் முன் உட்கார்ந்த எவருக்கும் அவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வேண்டுமென்றால் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அழித்தும் இருக்கலாம். கோப்பு இருக்கும் இடம் வேறு, அதை அடையும் வழி வேறு. இந்த வேறுபாடு விளங்காததால்தான் பல கடைகளிலும் அலுவலகங்களிலும் அந்த வழி யாரும் மூடாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது.

இலங்கை அடையாள அட்டை எண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பக்கத்திலேயே வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் கையெழுத்தும் இருந்தால், ஒருவரின் பெயரில் விண்ணப்பம் நிரப்ப வேறென்ன வேண்டும்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்கு பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காகிதத்துக்காகக் காத்திருந்த சமூகம் இது. இங்கே ஒரு சான்றிதழின் பெறுமதியை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதன் ஸ்கேன் பிரதிக்கும் பெறுமதி உண்டு என்பதுதான் இன்னும் பேசப்படாமல் இருக்கிறது.

பகிர்வுக் கோப்புறை என்றால் என்ன?

ஒரு கணினியின் கோப்புறையை, ஒரே வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகளும் தமது சொந்தக் கோப்புறை போலத் திறக்க அனுமதிப்பதே பகிர்வு. இதற்கான அடிப்படை நெறிமுறையை 1983 அளவில் ஐபிஎம் நிறுவனத்தில் பெரி ஃபைகன்போம் உருவாக்கினார். எஸ்எம்பி என்று அதற்குப் பெயர். மைக்ரோசொஃப்ட் 1992இல் 'விண்டோஸ் ஃபோர் வேர்க்குரூப்ஸ்' மூலம் அதைச் சாதாரண அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று கடையில் இரண்டு கணினியும் ஒரு ரவுட்டரும் இருந்தாலே யாராவது ஒருவர் வந்து பகிர்வை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். முன்னால் உள்ள கணினியில் ஸ்கேன் செய்தால் உள்ளே உள்ள கணினியில் அச்சிடலாம். தோட்ட அலுவலகத்தில் ஒருவர் செக்ரோல் கணக்கைப் பதிய, அடுத்த மேசையில் இருப்பவர் அதே கோப்பைத் திறந்து சம்பளம் பார்க்கலாம். வசதியை மறுப்பதற்கில்லை.

இப்படிப் பகிரப்பட்ட கோப்புறைக்கு நம் கணினியில் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து வைப்பதை 'மெப்' செய்வது என்பார்கள். விண்டோஸ் தானாக எழுத்துத் தரும்போது கடைசி எழுத்தான இசட்டில் தொடங்கிப் பின்னோக்கி வரும். நான் பார்த்த டிரைவுக்கு அந்த எழுத்து வந்த காரணம் அதுதான். மெப் செய்யும்போது 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' என்ற கட்டத்தில் சரி அடையாளம் ஏற்கெனவே இடப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இணைப்பு தானாகத் திரும்பி வரும். ஒரு நாள் அவசரத்துக்கு இணைத்தது ஐந்து வருடம் நிற்பது இதனால்தான்.

உங்கள் கணினியை மற்றதிலிருந்து துண்டிப்பது

முதலில் அந்த டிரைவிலிருந்து திறந்திருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் சேமித்து மூடுங்கள். திறந்த கோப்போடு துண்டித்தால் அதில் சேமிக்காத வேலை போய்விடும், விண்டோஸும் எச்சரிக்கும். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'திஸ் பிசி'யைத் திறந்து, அந்த டிரைவின் மேல் வலது சொடுக்குச் செய்து 'டிஸ்கனெக்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11இன் சில பதிப்புகளில் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்பதை அழுத்திய பிறகே அந்தச் சொல் வரும். மெக் கணினியில் ஃபைண்டரின் இடது பக்கம் சேவையகத்தின் பெயருக்கு அருகே உள்ள வெளியேற்றும் குறியை அழுத்தினால் போதும்.

இந்த இடத்தில் பலருக்குக் கை நடுங்கும். துண்டித்தால் கோப்புகள் அழிந்துவிடுமோ என்ற பயம். அழியாது. வழி மட்டும் மூடப்படுகிறது. கோப்புகள் அந்தப் பக்கத்துக் கணினியில் அப்படியே இருக்கும். ஆனால் 'டிஸ்கனெக்ட்' செய்வதற்குப் பதிலாக உள்ளே போய்க் கோப்புகளைத் தெரிவு செய்து 'டிலீட்' அழுத்தினால் கதை வேறு. வலையமைப்பு டிரைவில் அழித்தது வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது. அங்கேயே, அனைவருக்கும் சேர்த்து, போய்விடும். "என் கணினியிலிருந்து அதை எடுத்துவிடு" என்று முதலாளி சொன்னதை நம்பிப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை இந்தத் தவறைச் செய்தால், குற்றம் பிள்ளையுடையது அல்ல என்பது என் கருத்து.

டிரைவ் எழுத்து மறைந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. எழுத்தில்லாமலும் இணைப்பு இருக்கலாம். யாராவது சேவையகத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து திறந்திருந்தால் அது 'திஸ் பிசி'யில் தெரியாது. அதைப் பார்க்க, கமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து 'நெட் யூஸ்' என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு எழுதி என்டர் அழுத்துங்கள். இருக்கும் இணைப்புகள் பட்டியலாக வரும். (நிர்வாகி உரிமையோடு திறக்காமல் சாதாரணமாகத் திறக்க வேண்டும். நிர்வாகியாகத் திறந்தால் உங்கள் வழமையான டிரைவ்கள் பட்டியலில் வராமல் போகலாம்.) அதே இரு சொற்களுக்குப் பின் டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, 'டிலீட்' என எழுதினால் அந்த இணைப்பு போகும். எழுத்தும் முக்காற்புள்ளியும் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறியை இட்டால் எல்லா இணைப்பும் போகும். இங்கே 'டிலீட்' என்ற சொல் இணைப்பை மட்டுமே அழிக்கிறது, கோப்பை அல்ல. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அடுத்தது கடவுச்சொல். முதன்முறை இணைத்தபோது 'ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்' என்பதை யாராவது அழுத்தியிருந்தால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கணினிக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். டிரைவை எடுத்துவிட்டாலும் முகவரி தெரிந்தவர் மறுபடி நுழைய அது போதும். கன்ட்ரோல் பனலில் 'கிரெடென்ஷியல் மனேஜர்' என்பதைத் திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் அந்தச் சேவையகத்தின் பெயரோடு உள்ளதை நீக்குங்கள். மெக் என்றால் 'கீசெயின்' பகுதியில் பார்க்க வேண்டும். அதன்பின் கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள், ஏனென்றால் பழைய அமர்வு நினைவில் தங்கியிருக்கக்கூடும்.

சரியாக நடந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. அதே முகவரியை மறுபடி தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல் கேட்டால் துண்டிப்பு முழுமையானது. கேட்காமலே திறந்தால், சேமித்த கடவுச்சொல் இன்னும் எங்கோ இருக்கிறது, அல்லது அந்தக் கோப்புறை எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருக்கிறது. மூன்றாவது சாத்தியமும் உண்டு, கடைகளில் அதுதான் அதிகம்: எல்லாக் கணினியிலும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். அப்படியானால் விண்டோஸ் கேட்காமலே திறந்துவிடும்.

பெரிய அலுவலகங்களில் துண்டித்த டிரைவ் மறுநாள் காலை திரும்பி வந்து நிற்கும். உள்நுழையும்போதெல்லாம் சேவையகமே அதை இணைக்கும்படி அமைத்திருப்பார்கள். அங்கே உங்கள் பக்கத்தில் என்ன செய்தாலும் பயனில்லை. வலையமைப்பைப் பார்ப்பவரிடம் சொல்லி, உங்கள் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். சேவையகமாக இருந்த கணினியையே மாற்றிவிட்ட அலுவலகங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை. இல்லாத கணினியைத் தேடித் தேடி ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மெதுவாகும், டிரைவின் மேல் சிவப்புப் புள்ளடி நிற்கும். கணினி பழுது என்று பண்டாரவளைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அந்தப் பழைய டிரைவைத் துண்டித்துப் பாருங்கள்.

மற்றவர்களை உங்கள் கணினியிலிருந்து துண்டிப்பது

மேலே சொன்னதெல்லாம் ஒரு திசை. கோப்புகள் இருக்கும் கணினியில், கடைத் தம்பியின் மொழியில் 'உள்ளுக்க இருக்கிற மெஷின்'இல், செய்ய வேண்டியது மறுதிசை.

கோப்புறையின் மேல் வலது சொடுக்குச் செய்து 'ப்ரொப்பர்ட்டிஸ்', அதில் 'ஷெயரிங்', அதில் 'அட்வான்ஸ்ட் ஷெயரிங்'. அங்கே 'ஷெயர் திஸ் ஃபோல்டர்' என்பதற்கு முன்னுள்ள அடையாளத்தை எடுத்துவிட்டால் பகிர்வு நின்றுவிடும். எந்தெந்தக் கோப்புறைகள் பகிரப்பட்டிருக்கின்றன என்றே தெரியாவிட்டால் 'கம்பியூட்டர் மனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து 'ஷெயர்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியைப் பாருங்கள். பகிரப்பட்டவை, இப்போது இணைந்திருப்பவர்கள், திறந்திருக்கும் கோப்புகள் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். பலர் தம் கணினியில் எப்போதோ பகிர்ந்த டெஸ்க்டொப்பையோ முழு டி டிரைவையோ இங்கேதான் முதல் தடவையாகக் காண்பார்கள்.

பகிர்வை முற்றாக நிறுத்த முடியாவிட்டால் 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் 'எவ்ரிவன்' என்பதை நீக்கி, தேவையானவரின் பெயரை மட்டும் வையுங்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் 'ரீட்' உரிமை போதும்.

கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் சிலர் சொல்வதுபோல 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷெயரிங்' என்பதை ஒரேயடியாக நிறுத்திவிட்டால், அந்தக் கணினியில் பொருத்திய பிரின்டருக்கு மற்றக் கணினிகளிலிருந்து அச்சிட முடியாமல் போகும். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இது நடந்தால் அடுத்த நிமிடமே எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடுவார்கள். ஆகவே கோப்புறையின் பகிர்வை மட்டும் நிறுத்துங்கள், பிரின்டரை விட்டுவிடுங்கள். பெரிய போட்டோகொப்பி இயந்திரங்கள் ஸ்கேன் செய்ததை நேரே ஒரு பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பும். அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இயந்திரத்தின் முகவரிப் புத்தகத்திலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தை விற்கும்போதோ வாடகை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போதோ அதை அழிக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றுக்கு எஸ்எம்பியின் முதலாம் பதிப்பு மட்டுமே தெரியும். விண்டோஸ் 10இல் 2017 இறுதியிலிருந்தே அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அதைத் தேடிப்போய் மீண்டும் இயக்கி விடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2017இன் கதை ஒன்று இருக்கிறது.

ஒரு கணினியில் நுழைந்தது எல்லாவற்றிலும் நுழைகிறது

2017 மே 12ஆம் திகதி 'வனாக்ரை' என்ற தீநிரல் உலகைச் சுற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை அது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் 236 தேசிய சுகாதார சேவை நிர்வாகப் பிரிவுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அது பரவிய வழி எஸ்எம்பி முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை. மைக்ரோசொஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் திகதியே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. யாரும் மின்னஞ்சலைத் திறக்கவோ எதையும் சொடுக்கவோ தேவைப்படவில்லை. பகிர்வுச் சேவை திறந்திருந்தாலே அடுத்த கணினிக்குத் தாவியது.

அவ்வளவு கெட்டித்தனம் இல்லாத தீநிரலுக்குக்கூட மெப் செய்த டிரைவ் என்றால் கொண்டாட்டம். முன்னால் உள்ள கணினியில் யாரோ பென் டிரைவால் கொண்டுவந்த நிரல், சி டிரைவைப் பூட்டியதும் அடுத்தடுத்த எழுத்துகளைப் பார்க்கும். இசட்டும் அதில் ஒன்று. உள்ளே உள்ள கணினிக்குத் தொற்றே வராவிட்டாலும் அதன் கோப்புகள் பூட்டப்பட்டுவிடும். 2016இல் பரவிய 'லொக்கி', டிரைவ் எழுத்து இல்லாத பகிர்வுகளையும் தேடிப்போய்ப் பூட்டியது. எழுத்தை நீக்குவதோடு நிற்காமல் சேமித்த கடவுச்சொல்லையும் நீக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

டில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பர் 23ஆம் திகதி தாக்கப்பட்டது. நோயாளர் பதிவு முதல் பரிசோதனை அறிக்கை வரை நாட்கணக்கில் கையால் எழுத வேண்டியிருந்தது. ஐந்து சேவையகங்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு சரியாகப் பிரித்து வைக்கப்படாததே காரணம் என்று இந்திய அரசு நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதிலளித்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்க கிளவுட் கட்டமைப்பு இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. அரசாங்க முகவரி கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடக்கம். பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதித் தட்டுப்பாட்டால் தள்ளிப்போனது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது. கட்டமைப்பைச் சில மணித்தியாலங்களில் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை.

காப்புப்பிரதி இருந்தது. அது வலையமைப்போடு இணைந்தே இருந்ததால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை. நாட்டின் அமைச்சரவை அலுவலகத்துக்கு நடந்ததும், கடையில் 'பெக்கப்' என்று பெயரிட்ட கோப்புறையை அதே இசட் டிரைவில் வைத்திருப்பவருக்கு நடக்கப்போவதும் ஒன்றுதான். இணைப்பிலேயே இருக்கும் பிரதியைக் காப்புப்பிரதி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

துண்டிக்கப்பட்டிருந்த ஒரே கணினி ஒரு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றிய சம்பவமும் உண்டு. 2017 ஜூன் 27ஆம் திகதி 'நொட்பெட்யா' தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. 45,000 கணினிகளையும் 4,000 சேவையகங்களையும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர் என்று நிறுவனமே சொன்னது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதை வைத்திருக்கும் சேவையகங்கள் அவர்களிடம் உலகெங்கும் 150 அளவில் இருந்தன. ஒன்று போனால் மற்றதிலிருந்து எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றாகப் போயின, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. கானா ஊழியர்களிடம் பிரித்தானிய விசா இல்லாததால், ஒருவர் நைஜீரியா வரை போய் இன்னோர் ஊழியரிடம் ஹாட் டிஸ்க்கைக் கையளிக்க, அவர் அதை இலண்டனுக்குக் கொண்டுபோனார். கொஞ்சம் காற்றடித்தாலே கரண்ட் போகும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு சின்னச் சந்தோசம் வரத்தான் செய்கிறது.

நடந்துவிட்டால்

கோப்புகளின் பெயர்கள் திடீரென்று மாறினாலோ, பணம் கேட்டு அறிவிப்பு வந்தாலோ, மெனுவில் 'டிஸ்கனெக்ட்' தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வலையமைப்புக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். எந்தக் கணினியில் தொடங்கியது என்று தெரியாவிட்டால் ரவுட்டரின் மின்சாரத்தையே நிறுத்திவிடலாம். கணினியை உடனே அணைப்பது நல்லதல்ல. என்ன நடந்தது என்பதற்கான தடயங்கள் சில நினைவகத்தில் மட்டுமே இருக்கும். வலையமைப்பிலிருந்து பிரிக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அணைக்க வேண்டும். செருகியிருக்கும் வெளி ஹாட் டிஸ்க்கையும் கழற்றுங்கள். பிறகு இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவான சேர்ட் அமைப்புக்கு அறிவியுங்கள். 2006 முதல் இயங்கும் அரச அமைப்பு அது.

காப்புப்பிரதிக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய கணக்கொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். சிறிய கடைக்கு இதை இப்படிச் சுருக்கலாம். ஒரு வெளி ஹாட் டிஸ்க், வாரத்தில் ஒருநாள் செருகிப் பிரதி எடுத்துவிட்டுக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது. கழற்றுவதுதான் இதில் முக்கியம். வேறோர் இடம் என்பதும் நம் பக்கத்தில் வெறும் சம்பிரதாயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாட்கணக்கில் நூற்றுக்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. யார் யார் அங்கே இருந்தார்கள் என்று சொல்லும் ஒரு பதிவு மலைக்கு வெளியே உடனடியாகக் கைக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

வன்ட்ரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அவையும் பகிர்வுக் கோப்புறைகளின் உறவினர்தான். கணினியில் உள்ள கோப்புறையிலிருந்து ஒன்றை அழித்தால் மேலேயும் அழியும், மற்றக் கணினிகளிலும் அழியும். அதிலிருந்து ஒரு கணினியைப் பிரிக்க வேண்டுமானால், அமைப்புகளில் போய் முதலில் கணக்கைத் துண்டித்துவிட்டு, அதன்பிறகே அந்தக் கணினியில் எஞ்சியதை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லா இடத்திலும் காலி. அவற்றின் குப்பைத்தொட்டியில் சில காலம் இருக்கும் என்பது மட்டும் ஆறுதல். கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்தவர்கள் தமது தொலைபேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியைப் பார்த்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய துண்டிப்பு இது.

வேலையை விட்டுப் போகிறவர்களின் விடயம் தனி. சாவியைத் திருப்பி வாங்க மறக்காத அலுவலகங்கள், அவரது மடிக்கணினியில் இருக்கும் இணைப்பையும் அவர் அறிந்த பொதுக் கடவுச்சொல்லையும் மறந்துவிடுகின்றன. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் ஒருவரை மட்டும் துண்டிக்க வழியே இல்லை. எல்லோருக்கும் மாற்ற வேண்டும். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் ஒரே நிமிட வேலை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவது குற்றம். மற்றவர்களின் விபரங்களை வைத்திருப்பவரின் பொறுப்பைப் பற்றிப் பேசுவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. அதுவரை வாடிக்கையாளருக்கு இருப்பது அவரது வாய்தான். பிரதி எடுத்து முடிந்ததும் "ஸ்கேன் எடுத்ததை அழிச்சிருங்க தம்பி" என்று சொல்லி, அவர் அழிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

கடைக்காரர்களிடம் கேட்பதும் பெரிதல்ல. வாடிக்கையாளர் உட்காரும் கணினிக்கும் உள்ளே உள்ள கணினிக்கும் இடையே நிரந்தர டிரைவ் வேண்டாம். தேவையானபோது இணைத்து, 'ரீகனெக்ட்' அடையாளத்தை எடுத்துவிட்டு வேலை செய்யுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையை ரவுட்டரில் 'கெஸ்ட்' வலையமைப்பாகப் பிரித்து வையுங்கள். இரவு கடையை மூடும்போது 'ஸ்கேன்' கோப்புறையைக் காலி செய்யுங்கள். அதை உள்ளே உள்ள கணினியில் இருந்தே செய்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகு ஷட்டரை இழுக்கலாம்.